மூன்று அட்டை மாத்திரை முடிந்தும் விரல் மரத்தே இருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. என் கணவருக்கு வயது 41, பரோட்டா மாஸ்டர். பொங்கல் சமயத்தில் கல்லில் பட்டு அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் பெரிய கொப்புளம் வந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை, நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே விரல் மதமதப்பாக இருந்ததாம். முதுகிலும் தொடையிலும் ஏழெட்டு வெளிர் தேமல்கள் ரொம்ப நாளாக இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய் என்று கண்டுபிடித்து 12 மாதக் கூட்டு மருந்து தொடங்கினார்கள். மாதத்துக்கு ஒன்றாக மூன்று அட்டை முடிந்துவிட்டது. தேமல் கொஞ்சம் மங்கியிருக்கிறது, உடம்பு கறுத்திருக்கிறது, ஆனால் விரல் அப்படியேதான் இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? மூக்கு வழியாக நுழையும் கிருமி முழங்கை நரம்புக்கு எப்படிப் போகிறது? பிள்ளைகளுக்குக் காசநோய்க் கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், அதே குடும்பத்தைச் சேர்ந்த இது ஏன் நரம்பைத் தேடிப் போகிறது? 9 வயது மகன் அப்பா தட்டில்தான் சாப்பிடுவான். அவர் சமையல் வேலையை விட வேண்டுமா? என் அண்ணன் வேறு, பிரிந்து வந்துவிடு என்கிறார். இன்னொன்று, பத்து நாளாக இரவில் முழங்கை வலிக்கிறது என்கிறார்.

பதில்: டீச்சர், மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த முழங்கை வலி. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

முழங்கையின் உட்பக்கம், துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஓடும். அல்நார் நரம்பு அந்த இடத்தில் தோலுக்கு வெகு அருகில் போகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளை இயக்குவதும் பெரும்பாலும் அதுதான். தொழுநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவருக்கு அந்த இடத்தில் புதிதாக வலி வந்தால், நரம்பு அழற்சியா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நரம்பின் வேலை குறைந்து ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் இழந்தது திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் கணவருக்கு ஏற்கெனவே ஐந்து மாதம் ஓடிவிட்டது. அடுத்த அட்டை வாங்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். 'முழங்கை நரம்பு வலிக்கிறது, நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டும்' என்று சொல்லிக் கேளுங்கள். நரம்பைத் தொட்டுப் பார்ப்பார்கள், பால்பாயின்ட் பேனா முனையாலோ மெல்லிய நைலான் இழையாலோ விரல்களில் உணர்ச்சி பார்ப்பார்கள், இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதற்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டு தொடங்கினாலும் கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உயிரியல் டீச்சர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விரல் ஏன் மரத்தே இருக்கிறது என்பதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

நார்வேயின் பெர்கன் நகரில் ஹேன்சன் 1873-இல் கண்ட இந்தக் கிருமியை, மைக்கோபாக்டீரியம் லெப்ரேயை, இன்றுவரை யாராலும் சோதனைச்சாலைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியவில்லை. காரணம் 2001-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது புரிந்தது. காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன. இதற்கு 1,600 சொச்சம்தான். இன்னும் 1,100-க்கு மேற்பட்டவை செத்துப்போன மரபணுக்களாகச் சும்மா கிடக்கின்றன. தனியாகப் பிழைக்கும் சாமர்த்தியத்தை இழந்துவிட்ட கிருமி இது. வேறொரு உயிரின் செல்லுக்குள் போனால்தான் வாழ்க்கை. (அன்று படிக்கப்பட்டது 'டிஎன்' என்று பெயரிட்ட ரகம். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு கிருமியைப் பெறுவதற்கு அதை ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் பெருக்கினார்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

செல்லுக்குள் போயே தீர வேண்டிய கிருமிக்கு இரண்டு காரியம் வேண்டும். முதலில் செல்லின் மேல் ஒட்ட வேண்டும், அப்புறம் உள்ளே நுழைய வேண்டும். சிகிச்சை பெறாத, கிருமி அதிகமுள்ள ஒருவரின் மூக்கிலிருந்து வெளியேறி, பெரும்பாலும் மூக்கின் உள்சவ்வு வழியாகத்தான் அடுத்தவருக்குள் போகிறது. அங்கே ஒட்டுவதற்கு நம் உடம்பின் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் பிடிமானமாக உதவுகிறது. நுழைவதற்கு இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் மேற்பரப்பில் இருக்கும் 'எம்சிஇ' வகைப் புரதங்கள் கை கொடுக்கின்றன. அதைக் கண்டுபிடித்த கதை உங்கள் வகுப்புக்கு ஏற்றது. காசநோய்க் கிருமியின் மரபணுத் துண்டு ஒன்றை, செல்லுக்குள் நுழையும் பழக்கமே இல்லாத சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அந்த ஒரு துண்டு கிடைத்ததும் ஈ.கோலை மனிதச் செல்களுக்குள் புகத் தொடங்கியது. 1993-இல் வெளிவந்த ஆய்வு அது.

மேக்ரோஃபேஜ் விஷயத்தில் இரண்டு கிருமிகளுக்கும் ஒரே தந்திரம்தான். கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய செல் அது. நம் ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதம் சி3 தன் மேல் படிந்தால் கிருமி கவலைப்படுவதில்லை. மேக்ரோஃபேஜ் அந்த சி3-ஐப் பிடித்துக்கொண்டு கிருமியை உள்ளே இழுக்கும்போது, கொல்வதற்கான நச்சு ஆக்சிஜன் அவ்வளவாகச் சுரப்பதில்லை. விழுங்கப்படுவதுதான் கிருமிக்கும் வேண்டியது. உள்ளே போன பிறகு, தான் இருக்கும் பை செரிமான நொதிகள் உள்ள லைசோசோமுடன் சேராமல் தடுத்துவிடுகிறது. நுரையீரலின் ஆழத்தில் உள்ள மேக்ரோஃபேஜே காசநோய்க் கிருமிக்கு முதல் வீடு, பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். லெப்ரேக்கு இன்னொரு வீடும் உண்டு, அதுதான் நரம்பு.

நரம்பிழையைச் சுற்றி ஷ்வான் செல்கள் இருப்பதைப் பாடத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பீர்கள். படத்தில் பெரும்பாலும் விடுபடும் ஒன்று, ஷ்வான் செல்லுக்கு வெளியே மெல்லிய ஒரு போர்வை போலப் படிந்திருக்கும் அடித்தளப் படலம். அதில் லாமினின்-2 என்ற புரதம் இருக்கிறது. அதன் ஆல்ஃபா-2 சங்கிலி உடம்பில் எல்லா இடத்திலும் கிடையாது. கை கால் நரம்புகள், தசை, நஞ்சுக்கொடி என்று சில இடங்களில்தான் உண்டு. லெப்ரே கிருமியின் மேற்பூச்சில் பிஜிஎல்-1 என்ற கொழுப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அதன் நுனியில் மூன்று சர்க்கரைகள் கோத்த ஒரு சிறு தொடர் உண்டு. அதே தொடர் வேறு எந்த மைக்கோபாக்டீரியாவிடமும் கிடையாது. அந்த மூன்று சர்க்கரை போய் லாமினின்-2-இல் ஒட்டிக்கொள்கிறது. லாமினினோ ஏற்கெனவே ஷ்வான் செல்லின் மேற்பரப்பில் உள்ள டிஸ்ட்ரோகிளைகன் என்ற ஏற்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செல்லுக்கும் கிருமிக்கும் நேரடி உறவே வேண்டாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தோடு சேர்ந்து நடந்து, யாரும் கேட்காமலே பந்தியில் உட்கார்ந்துவிடும் ஆள் மாதிரி. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அனுர ராம்புக்கனவும் அவருடைய கூட்டாளிகளும் 1997 முதல் 2000 வரை வெளியிட்ட மூன்று ஆய்வுகளில் இதை ஒவ்வொரு படியாக நிறுவினார்கள். முதலில் லாமினின், அப்புறம் டிஸ்ட்ரோகிளைகன், கடைசியில் அந்தச் சர்க்கரை. காசநோய்க் கிருமியிடம் அந்தத் தொடர் இல்லை. அது ஏன் நரம்பைத் தேடிப் போவதில்லை என்பதற்கு இது பெரிய காரணம்.

மூக்கிலிருந்து முழங்கைக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நரம்புக்குள்ளேயே ஊர்ந்து வருவதில்லை. ரத்தத்தின் வழியாகவும் மேக்ரோஃபேஜ்களில் ஏறியும்தான் வருகிறது. நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களிலும் இந்தக் கிருமியைப் பார்க்க முடிகிறது. ஆனால் ரத்தம் எல்லா இடத்துக்கும்தானே போகிறது, முழங்கை மட்டும் ஏன்? உடம்பின் உள்ளே 37 டிகிரி. இந்தக் கிருமிக்கு அதைவிடச் சில டிகிரி குறைவான சூடுதான் பிடிக்கும். முழங்கையில் அல்நார் நரம்பு, முழங்காலுக்குப் பக்கவாட்டில் ஒரு நரம்பு, கணுக்காலின் உட்பக்கம் ஒன்று, காதுக்குக் கீழே கழுத்தில் ஒன்று, எல்லாமே தோலை ஒட்டி, கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் போகிறவை. தொழுநோய் மருத்துவர்கள் விரலால் தடவிப் பார்ப்பது இவற்றைத்தான். ஆர்மடில்லோவில் கிருமி நன்றாக வளர்வதற்கும் இதே காரணம், அதன் உடல் சூடு நம்மைவிடக் குறைவு.

உணர்ச்சிகள் போவதிலும் ஒரு வரிசை உண்டு. மையலின் என்ற கொழுப்பு உறை இல்லாத மெல்லிய இழைகளைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களில்தான் கிருமி அதிகம் குடியேறுகிறது. சூடு குளிர்ச்சியை எடுத்துச் செல்வது பெரும்பாலும் அந்த மாதிரி மெல்லிய இழைகள்தான். அதனால் சூடு முதலில் தெரியாமல் போகும், அப்புறம் மெல்லிய தொடுகை, அப்புறம் வலி. பரோட்டாக் கல் முன்னால் நிற்கிறவருக்கு இதைவிடக் கெட்ட வரிசை இருக்க முடியாது.

இனி, மருந்து வேலை செய்யவில்லையா என்ற கேள்வி. வேலை செய்கிறது. மாதம் ஒருமுறை விழுங்கும் ரிஃபாம்பிசின் முதல் தடவையிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். உடம்பு கறுத்திருப்பது குளோஃபாசிமின் மாத்திரையால், மருந்து முடிந்தபின் மெல்ல மங்கும். அதற்குப் பயந்து மாத்திரையை ஒளித்து வைக்கிறவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருமி சாவது வேறு, நரம்பு சரியாவது வேறு. 2002-இல் அதே ராம்புக்கன குழு இன்னொன்றையும் காட்டியது. செத்த கிருமியை, ஏன், வெறும் பிஜிஎல்-1-ஐ மட்டும் நரம்பிழைகளோடு வைத்தாலே மையலின் உறை கழன்றுவிடுகிறது. உயிருள்ள கிருமி வேண்டும் என்பதே இல்லை. பிறகு 2017-இல் கேம்பிரிட்ஜின் லலிதா ராமகிருஷ்ணன் குழுவினர் வேறொரு வழியைக் கண்டார்கள். வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். பிஜிஎல்-1-ஐச் சந்தித்த மேக்ரோஃபேஜ்கள் நரம்பிழையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. அது நரம்பிழையின் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. நம் படையே நம் நரம்பைச் சுடுகிறது. செத்த கிருமிகளின் சிதைவுகள் உடம்பிலிருந்து ஒழிய மாதங்கள், கிருமி அதிகமாக இருந்தவருக்கு வருடங்கள்கூட ஆகும். அதுவரை அந்தச் சண்டை திடீர் திடீரென்று மூளலாம். மருந்து முடிந்த பிறகும் மூளலாம். 'ரியாக்‌ஷன்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பழைய தேமல் சிவந்து தடிக்கும், நரம்பு வீங்கி வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலோடு வலிக்கும் முடிச்சுகள் வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். எங்கள் தரப்பிலும் குறை உண்டு. அட்டையைக் கொடுக்கிற அன்றே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும், பல இடங்களில் அட்டை மட்டும்தான் போகிறது.

அதனால் விரலுக்கு என்னால் இப்போது வாக்குக் கொடுக்க முடியாது. நாளைய நரம்புப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் திரும்பலாம், முழுக்கவும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

சமையல் வேலையைப் பற்றி. அவர் சமைத்த சாப்பாட்டால் யாருக்கும் தொழுநோய் வராது. மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆன ஒருவரிடமிருந்து மூச்சு வழியாகவும் வராது. கடைக்காரர் கேட்டால் இதையே சொல்லலாம். என் கவலை வாடிக்கையாளரைப் பற்றியதல்ல, அவருடைய கையைப் பற்றியது. சுட்டெடுத்த பரோட்டாக்களை அடுக்கி, சூடு ஆறும் முன் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்ப்பார்களே, அதை அவர் செய்யவே கூடாது. அடி விழுவது நேராகச் சுண்டுவிரல் ஓரத்தில். மாவு பிசைவது, வீசுவது பரவாயில்லை. கல் பக்கம் நிற்க வேண்டியிருந்தால் நீளமான மரப்பிடி வைத்த கரண்டி, கனமான துணிக் கையுறை. எது சூடு என்பதை வலது கையால் பார்த்துக்கொள்ளட்டும். இரவில் பத்து நிமிடம் கையைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்தில் விரல் விரலாக நீங்கள் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எதுவாக இருந்தாலும் அந்த இடத்துக்கு ஆறும்வரை ஓய்வு. கால்களையும் அப்படியே பாருங்கள்.

இந்த நோயில் விரல்கள் குட்டையாவது கிருமி தின்பதால் என்று இன்னும் நம்புகிறார்கள். அப்படியல்ல என்பதை வேலூர் சிஎம்சியில் அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்தே நோயாளிகளின் கைகளைக் கவனித்துக் காட்டினார். வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அடிபடுகிறது, சுடுகிறது, புண் சீழ் பிடிக்கிறது, எலும்பு தேய்கிறது. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தவரும் அவர்தான். வேலூருக்குப் பக்கத்தில் காரிகிரியில் உள்ள மருத்துவமனையில் இன்றும் அது நடக்கிறது. உங்கள் கணவருக்கு அந்த நிலை வந்துவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. வராமலே பார்த்துக்கொள்ள முடியும்.

பையனைப் பற்றி. தட்டில் சேர்ந்து சாப்பிட்டதால் வராது. ஆனால் மருந்து தொடங்கும் முன் வருடக்கணக்கில் ஒரே வீட்டில் மூச்சு விட்டிருக்கிறான், அது கணக்கில் வரும். பயப்பட வேண்டாம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்தக் கிருமி உள்ளே போனாலும் நோய் வருவதில்லை. பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசியும் ஓரளவு காக்கும். அவனைப் பகல் வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களையும் சேர்த்துத்தான். தேமல் இருந்தால் பஞ்சு நுனியால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொட்டது என்று காட்டச் சொல்வார்கள். நோயும் காசநோயும் இல்லை என்று உறுதியானால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகத் தருவார்கள், அரசே இலவசமாகத் தருகிறது. முழுக் காப்பு இல்லை. வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோயாளிகள் ஏறக்குறைய 57 சதவீதம் குறைந்தார்கள். அதனால் மாத்திரை கொடுத்தாயிற்று என்று விடாமல், வருடம் ஒருமுறை ஐந்து வருடமாவது தோலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு கிருமி இரண்டாகப் பெருகவே கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபதுகூட ஆகிறது. உங்கள் கணவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், அது கிடைக்காது.

அண்ணன் சொல்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. பிரிந்து படுக்கக்கூடத் தேவையில்லை. சட்டக் காரணமும் இப்போது இல்லை. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்று பல திருமணச் சட்டங்களில் இருந்த பிரிவை 2019-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அவர் உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிறவர் என்றால், கோபித்துக்கொள்ளாமல் அவரையும் ஒருமுறை தோல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பு மாத்திரை அவருக்கும் உண்டு.